பொறையார் விலாசத்துக்கு வந்த மோதிரம்

உன் பெட்டியைத் திறந்து எட்டு நாள் ஆகிறது. என் கையிலிருந்து அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துப் பார்த்தேன். சோற்றில் கை வைத்தால் நீ வந்து நிற்கிறாய். உயிரோடு இருந்தபோதும் நாங்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துத்தான் வருவாய்.

உன் முதலாண்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி உன் மகள் கவிதா கேட்டிருக்கிறாள். "அம்மாவப் பத்தி ஒங்கள வுட யாருக்கு சித்தி நல்லாத் தெரியும்? ஒங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க" என்றாள். மற்றவர்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். உன் தங்கமான மனசு, உன் சிரித்த முகம், யாருக்கும் தீங்கு நினைக்காத குணம் என்று எல்லாம் வந்தாயிற்று. எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். உன் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அதை மூடி மறைத்து ஒரு பக்கம் எழுத எனக்கு வராது.

மலரைப் புரட்டுகிற உன் சொந்தக்காரர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன். நாம் இருவரும் காரைக்காலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஏழாம் வகுப்பில் இருந்தபோது மூன்று நட்சத்திரம் போட்ட, பாலில் கலந்து குடிக்கும் ஒரு மால்ட் டின் கடைகளுக்கு வந்தது. டின்னைத் திறந்தால் மாவுக்கு மேலே ஒரு சின்னக் காகித உறை இருக்கும். உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் மோதிரம், ஒரு துண்டுச் சீட்டு. கையைச் சாய்த்தால் மோதிரத்தின் முகப்பில் இருக்கும் படம் மாறும். புலி வாயைத் திறக்கும், பாம்பு படம் எடுக்கும், கோமாளி கண்ணடிப்பான். மொத்தம் பன்னிரண்டு படம். பன்னிரண்டு சீட்டையும் ஓர் அட்டையில் ஒட்டி அனுப்பினால் கம்பெனியே பதின்மூன்றாவது மோதிரத்தைத் தபாலில் அனுப்பும். அது பித்தளை. முகப்பு ஒரு மூடி. திறந்தால் உள்ளே ரகசிய அறை. உளுந்து ஒன்று போனால் நிறைந்துவிடும் அந்த அறையில் எதை ஒளித்து வைப்பது என்று நாம் மாதக்கணக்கில் பேசினோம்.

எனக்கு மால்ட் ஒத்துக்கொள்ளாது. குமட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். என் உம்மா, பெண் சதை போடுகிறாள் என்று சந்தோஷப்பட்டு அடுத்த டின் வாங்கினார். பன்னிரண்டு சீட்டில் ஏழு என் வீட்டில் வந்தவை, ஐந்து உன் வீட்டில் வந்தவை. பித்தளை மோதிரம் வந்தால் இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது என்று பேச்சு.

சீட்டின் அடியில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி இருந்தது. இச்சலுகை தமிழ்நாட்டில் மட்டும். நமக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் இருக்கும் நாமோ புதுச்சேரி. கோட்டுச்சேரி தாண்டிப் பாலத்தைக் கடந்தால் அங்கே இருப்பவர்களுக்கு மோதிரம் உண்டு, இந்தப் பக்கம் நமக்குக் கிடையாது. இப்படி ஒரு வில்லங்கம் வந்தால் நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நாமும் செய்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் விலாசத்தைப் போடுவது.

நாகூரில் என் பெரியம்மா வீடு இருந்தது. அந்த விலாசத்தைப் போடலாம் என்று நான் சொன்னேன். நீதான் தலையை ஆட்டினாய்.

"நாகூர்ல கந்தூரிக் கூட்டத்துல தபாலு எங்கயாவது போயிரும்டி நூரு. பொறையார்ல எங்க மாமா வூட்டுக்குப் போடுவோம். மாமாவுக்குத் தபால்காரர நல்லாத் தெரியும்."

தர்காவில் கந்தூரி விழா முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது, எட்டு நாளாக உறைத்துக்கொண்டே இருக்கிறது.

அட்டையில் பெயர் எழுத ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தான். நான் எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி உன் பெயரையும் என் பெயரையும் அதில் அடக்கினேன். கீழே உன் மாமா வீட்டு விலாசம். தபாலும் பொறையாரிலேயே போட்டால்தான் சந்தேகம் வராது என்று நீ உறையை வாங்கிக்கொண்டு போனாய். அடுத்த மாதம் கோடை விடுமுறை. நீ மாமா வீட்டிலேயே தங்கிவிட்டாய். நான் இங்கே ஒவ்வொரு நாளும் உன்னிடமிருந்து ஒரு தகவல் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பள்ளி திறந்தது. நீ வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்டுக் கேட்டு அலுத்தேன். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தது. பாரதியார் வீதிக் கூட்டத்தில் நாம் நசுங்கிக்கொண்டு நின்றோம். மாடிகளிலிருந்து மாம்பழம் வந்து விழுந்துகொண்டிருந்தது. நான் தாவணியை விரித்து ஒன்றைப் பிடித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் திரும்பி உன்னைப் பார்த்தால், நீ முகத்தை உம்மென்று வைத்திருந்தாய்.

"மோதிரம் இனிமே வராதுடி" என்றாய்.

"ஏன்?"

"கவருக்குப் பின்னாடி நீ என்னா எழுதுன?"

அனுப்புநர் விலாசம் எழுதியிருந்தேன். உறை என்றால் பின்பக்கம் அனுப்புநர் எழுதவேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கை தன்னால் எழுதிவிட்டது. என் பெயர், என் தெரு, காரைக்கால்.

"உள்ள பொறையாருன்னு இருக்கு, வெளிய காரைக்காலுன்னு இருக்கு. கம்பெனிக்காரன் என்னா கேனயனா? பொட்டிக்குள்ள வுழுகயிலதான் பாத்தேன். ஒன்னாலதான் எல்லாம் போச்சு."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. மாம்பழத்தைப் பக்கத்தில் நின்ற ஒரு குழந்தையிடம் கொடுத்தேன். மறுநாள் என் ஏழு மோதிரத்தையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து உன் முன்னால் வைத்தேன். "என்னாலதானே போச்சு, இத நீயே வச்சுக்க" என்றேன். நீ வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. "விடுடி, போனாப் போவுது" என்று சொல்லிவிட்டு ஏழையும் எடுத்து உன் ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டாய்.

மோதிரம் போனால் போகிறது என்று நானும் விட்டிருப்பேன். நீ என்னிடமிருந்து எடுத்தது அது மட்டும் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு எந்தப் படிவத்திலும் நான் பேனா வைக்கவில்லை. எதையாவது தப்பாக எழுதிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று பயம். வாப்பாவுக்கு மணியார்டர் ஃபாரம், என்னைக் கட்டிய மச்சான் அபுதாபியில் இருந்தபோது எனக்கு எடுத்த பாஸ்போர்ட், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, எல்லாவற்றுக்கும் ஊரை ஒட்டி இருக்கும் தருமபுரத்துக்கு, உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீதான் நிரப்பினாய், முத்து முத்தாக. நான் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு விசிறினேன். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு ஆள் எடுத்தபோது நீ விண்ணப்பம் போட்டாய், உனக்குக் கிடைத்தது. "நீயும் போடேன்டி" என்று நீ சொன்னாய். "நான் எழுதுனா உருப்படுமா?" என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உனக்கு அப்போது தெரியும்.

பிள்ளைகள் வளர்ந்து கையில் நேரம் வந்தபோது இந்த மோதிரம் சேர்க்கும் பைத்தியம் நம் இருவரையும் மறுபடி பிடித்தது. உன்னிடம் பன்னிரண்டும் இருந்தன, என் ஏழையும் சேர்த்து. நான் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மால்ட் மோதிரம், பிஸ்கட் மோதிரம், பற்பசையோடு வந்த விசில் மோதிரம், பபிள்கம் மோதிரம் என்று தேடினோம். பழைய பேப்பர் கடைகளில் மூட்டை மூட்டையாகக் கிளறினோம். கடைக்காரர்கள் நம்மைப் பார்த்தாலே நாற்காலி எடுத்துப் போடுவார்கள். கடல் காற்றில் தாள் மக்கிவிடும் என்று, மச்சான் வாங்கி வந்த செருப்புப் பெட்டிகளில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து உனக்கும் பாதி கொடுத்தேன்.

நீ அடிக்கடி ஒன்று சொல்வாய். "மோதிரத்த நம்பாத நூரு, பேப்பர நம்பு." மோதிரத்தைப் புதிதாக வார்த்து டீத்தண்ணீரில் ஊறப்போட்டால் ஐம்பது வயது ஆகிவிடும். அதோடு வந்த உறை, சீட்டு, அட்டை, தபால் முத்திரை இவற்றைப் பார்த்தால்தான் எப்போது வந்தது, யார் கைக்கு வந்தது என்று தெரியும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். பூதக்கண்ணாடியை எப்படிச் சாய்த்தால் மங்கிய முத்திரை தெரியும் என்பதையும் நீதான் காட்டினாய்.

கோட்டுச்சேரியில் ஒரு மளிகைக்கடையை மூடியபோது பரணில் ஒரு கட்டு கிடைத்தது, ஞாபகம் இருக்கிறதா? எழுதாத மால்ட் அட்டைகள், நாம் அனுப்பியது போலவே, ஒற்றைக் கோட்டோடு. நான் அதை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன மன்னிச்சிருடி" என்று அன்றைக்கும் சொன்னேன். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் சொன்னேன், உன் பெண் பிறந்தபோது சொன்னேன், கணக்கே இல்லாமல் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ கையை அசைத்து மன்னித்தாய். அன்றைக்கு மட்டும் உன் முகம் வெளுத்துப்போனது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று பயந்து உனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சோடாவை நினைத்தால் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.

கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் வியாபாரி, பதின்மூன்றாவது மோதிரம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சாதித்தார். "யாருக்கும் வந்ததில்லம்மா. டின்னு விக்கிறதுக்குக் கம்பெனி கட்டிவுட்ட கதை." நான் அவரோடு மல்லுக்கு நின்றேன். நீ அவர் பக்கம் சேர்ந்துகொண்டாய். "அவரு சொல்றதுதான் சரியா இருக்கும்டி, இத்தன வருஷத்துல ஒண்ணாச்சும் கண்ணுல பட்டிருக்குமே" என்றாய். திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய். உனக்கு எப்படித் தூக்கம் வந்தது என்று எனக்குத் தெரியவேண்டும்.

போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போய்விட்டது. பத்து நாளும் நான்தான் கஞ்சி கொண்டுவந்தேன். ஒரு கரண்டி கொடுத்துவிட்டு வாயைத் துடைத்து, அடுத்த கரண்டி கொடுத்தேன். பேசத்தான் முடிந்ததே உனக்கு. மருமகள் சமையலைக் குறை சொன்னாய், டாக்டர் வழுக்கையைக் கேலி செய்தாய். கடைசிக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பெட்டிய ஒன்கிட்டதான் குடுக்கணும்னு கவிதாட்ட சொல்லிட்டேன். நீ பாத்துக்க" என்றாய். பாசம் என்று நினைத்து நான் அழுதேன்.

சாமர்த்தியக்காரிதான் நீ. உயிரோடு இருக்கும்போது சொன்னால் நான் என்ன கத்து கத்துவேன் என்று உனக்குத் தெரியும். நான் கத்தும்போது கேட்க ஆள் இல்லாதபடி பார்த்துக்கொண்டாய்.

போன வெள்ளிக்கிழமை கவிதா பெட்டியைக் கொண்டுவந்தாள். இருவரும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். நீ அடுக்கியிருந்த அழகைப் பார்த்து, மோதிரத்துக்கு ஒரு டப்பா, தாளுக்கு ஒரு பட்டர் பேப்பர் உறை என்று நீ வைத்திருந்த பாங்கைப் பார்த்து, நான் உன்னைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். அடியில் ஒரு பழைய ரவிக்கைத்துணி. அதற்குள் காக்கி நிறத்தில் ஒரு சின்னப் பொட்டலம். மூலையில் மூன்று நட்சத்திரம்.

"இதத்தான் சித்தி கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் கவிதா. "அம்மா இத யாரயும் தொடவே வுட மாட்டாங்க. தம்பி சின்னப் புள்ளையா இருக்கயில பிரிக்கப் பாத்தான்னு வெளக்கமாத்தால அடிச்சாங்க. இது என்னாங்க?"

நான் பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே தட்டச்சில் உன் பெயர், அதற்குப் பக்கத்தில் என் பெயர், கீழே பொறையார் விலாசம். பின்பக்கம் திருப்பினேன். பூதக்கண்ணாடியை நீ காட்டியபடியே சாய்த்துப் பிடித்தேன். பொட்டலம் வந்து சேர்ந்த நாளுக்குப் பொறையார் தபாலாபீஸ் குத்திய முத்திரை வட்டமாக, முழுசாக விழுந்திருந்தது. நாம் அட்டை அனுப்பிய அதே வருஷம், மே மாதம்.

மே மாதம் நீ அந்த வீட்டில் இருந்தாய். மாங்கனித் திருவிழா ஆனியில். என்னை அந்தக் கூட்டத்தில் நிற்க வைத்து, ஒன்னாலதான் எல்லாம் போச்சு என்று நீ சொன்னபோது இந்தப் பொட்டலம் உன் கையில் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வந்தது தெரியாமல் பழி போட்டாய் என்று நினைத்துக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை. நீயே நம்பச் சொன்ன பேப்பர்தான் சொல்கிறது.

எட்டு நாளாக உன் பக்கத்தில் நின்று யோசித்துப் பார்த்தேன். ஒரே மோதிரம், மாற்றி மாற்றிப் போட உனக்கு மனசு வரவில்லை. போட்டுக்கொண்டு வந்தால் நான் பார்த்துவிடுவேன். அதனால் ஒளித்தாய். வரவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததால் என் கையெழுத்தைக் காரணம் ஆக்கினாய். பிறகு பயத்தில் பிரிக்கவில்லை. சேகரிக்கிறவளாக ஆனபின் மதிப்புக் குறைந்துவிடும் என்று பிரிக்கவில்லை. எடுத்து அனுபவித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு எரியாது. நீயும் போடாமல், என்னையும் போடவிடாமல், ரவிக்கைத்துணியில் சுற்றி வைத்திருந்தாய்.

கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். நான் சொல்லிக்கொண்டே பொட்டலத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தேன்.

"பிரிக்காதீங்க சித்தி. அம்மா இத்தன வருஷம் பிரிக்காம வச்சிருந்தது."

"அதுக்குத்தான் பிரிக்கிறேன்."

மோதிரம் சேர்க்கிற எங்கள் கூட்டத்தில் யாராவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். பிரிக்காத பொட்டலம் என்றால் அதற்கு அவ்வளவு மரியாதை. பிரித்தவர்களை நானே திட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கத்தரிக்கோல்கூட எடுக்கவில்லை. தாள் கிழிகிற சத்தம் உனக்குக் கேட்கவேண்டும் என்று நிதானமாக, நீளமாகக் கிழித்தேன். என் வாழ்நாளில் எதையும் அத்தனை திருப்தியாகக் கிழித்ததில்லை.

உள்ளே மடித்த ஒரு கடிதம். அதன்கீழே இரண்டு காகித உறைகள்.

கவிதாதான் கடிதத்தை வாங்கிப் படித்தாள். கம்பெனியில் யாரோ ஒரு நல்ல மனுஷர் எழுதியிருக்கிறார். அட்டையில் இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டோம், தோழியருக்குள் சண்டை வரக்கூடாது, எனவே ஆளுக்கு ஒன்றாக இரண்டு மோதிரம் அனுப்பியிருக்கிறோம்.

கவிதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு இரண்டும் வரவில்லை. உன் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. அடி கிராதகி, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஓரத்தைக் கிழித்து எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? அன்றைக்கே ஓடி வந்து என் கையில் ஒன்றை மாட்டியிருப்பாய். நானும் ஒரு படிவத்தைத் துணிந்து நிரப்பியிருப்பேன். உன் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பேன்.

இரண்டும் கறுக்கவே இல்லை. வளையத்தின் பின்பக்கம் வெட்டு விட்டிருக்கிறான், விரலுக்குத் தக்கபடி நெளித்துக்கொள்ளலாம். என் இரண்டு சுண்டுவிரலிலும் போட்டுக்கொண்டேன். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணு அம்மாவோடதுதானே சித்தி? அத நான் எடுத்துக்கட்டுமா?"

"தரமாட்டேன்" என்றேன். பெட்டியில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும், என் ஏழு மோதிரத்தையும் சேர்த்து அவளையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. பாவம், அவள் என்ன செய்வாள்? ஆனாலும் கொடுக்கவில்லை. எட்டு நாளாக மாவு பிசையும்போதும் துணி துவைக்கும்போதும் இரண்டையும் கழற்றவில்லை. மச்சான்கூட, "ஒண்ணு போதாதா?" என்று கேட்டுவிட்டார். போதாது. இடதுகையில் இருப்பது என்னுடையது, வலதுகையில் இருப்பது உன்னுடையது. அதை உன் மகளுக்கும் தரமாட்டேன், யாருக்கும் தரமாட்டேன். வேண்டுமென்றால் நீயே நேரில் வந்து கேள்.